பழைய வீடுகளைப் பார்க்கப் பினாங்குக்கு வாருங்கள்

பினாங்குக்குப் போகிறோம் என்று சொன்னால் வீட்டில் உள்ள பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்? கொடிமலை ரயிலைக் கேட்பார்கள். கடற்கரையைக் கேட்பார்கள். பெரியவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன். தைப்பூசம் என்றால் கெடாவிலும் பேராக்கிலும் உள்ள தோட்டங்களிலிருந்து லோரி பிடித்து வந்தவர்கள்தாமே நாம்! தங்கைமாருக்கும் அண்ணிமாருக்கும் கடைத்தெருவில் சேலையும் வளையலும். இவையெல்லாம் இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது அரை நாளை எனக்குக் கொடுங்கள். உங்களை நான் வீடு பார்க்க அழைத்துப் போகிறேன்.

வாங்குவதற்கு அல்ல, பயப்படாதீர்கள். பழுது பார்த்த வீடுகளையும், பழுது பார்க்காமல் விட்ட வீடுகளையும் பார்ப்பதற்கு.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தோட்டத்தை விட்டு வந்து தாமானில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! வாங்கியதோடு காரியம் முடிந்ததா? பின்பக்கம் சமையலறையை நீட்ட வேண்டும், மழை பெய்தால் ஒழுகும் மூலையை அடைக்க வேண்டும், சுவரில் பூத்து உதிரும் சாயத்தைச் சுரண்ட வேண்டும். தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை அடுத்த தீபாவளிக்கும் அப்படியே நிற்கும். சில வீடுகளில் தலைவருக்கு ஒரு பழைய மோரிஸ் மைனரோ வெஸ்பாவோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்குத்தான் எண்ணெயும் துடைப்பும். வண்டி பளபளக்கும், வீட்டுக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் தெரியும் எது முதலில் நடந்திருக்க வேண்டும் என்று!

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியிலேயே வாருங்கள். கார் ஏறிய அந்தப் பழைய பெரிய ஃபெரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு காரை ஏற்றுவதை நிறுத்திவிட்டன. 2023 ஆகஸ்டிலிருந்து புதிய ஃபெரிகள் நான்கு ஓடுகின்றன. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். மோரிஸ் மைனர்காரர்கள் பாலத்தில்தான் போக வேண்டும். நமக்கு அது நல்லதே. வீடு பார்க்க நடந்து போவதுதான் வசதி.

கரையில் இறங்கிச் சாலையைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் லெபோ பசார். நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் தெரு அது. பாட்டுச் சத்தமும் மசாலா வாசனையும் உங்களை இழுக்கும். அந்தக் கடைகளைப் பார்க்காமல், ஒரு நிமிடம் தலையைத் தூக்கி மாடியைப் பாருங்கள். மர ஜன்னல்கள், அவற்றின் சாய்ந்த பலகைகள், மேலே களிமண் ஓடு, சுவரில் சுண்ணாம்பில் செய்த பூ வேலை. கீழே கடை, மேலே குடியிருப்பு. முன்னால் வெயிலும் மழையும் படாமல் நடந்து போக ஒரு நடை. அதைத்தான் நாம் அஞ்சடி என்கிறோம். இந்த மாதிரி வீடுகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் ஒன்றையொன்று ஒட்டி இவ்வளவு நெருக்கமாக நிற்பதற்காகத்தான் 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் எழுதியது.

பக்கத்திலேயே குவீன் ஸ்திரீட்டில் மகா மாரியம்மன் கோயில். 1833-ஆம் ஆண்டில் கோயிலாகக் கட்டப்பட்டது. கும்பிட்டுவிட்டு ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்த வேண்டும் என்று நம் முன்னோர் விதித்து வைத்தார்கள். உடைந்த பிறகு பழுது பார் என்று சொல்லவில்லை. உடைந்தாலும் உடையாவிட்டாலும் பன்னிரண்டு ஆண்டு வந்தால் கோபுரத்தில் சாரம் கட்டு என்றார்கள். வெடிப்பில் முளைத்த ஆலங்கன்று வேர் விடுவதற்குள் பிடுங்கப்பட்டுவிடும். சாமிக்கு இந்த ஏற்பாட்டைச் செய்த நாம், நாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஏன் செய்யவில்லையோ தெரியவில்லை.

இப்போது ஒரு கடைவீட்டுக்குள் போவோம். முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். அகலம் ஏன் இவ்வளவுதான் என்றால், மாடியைத் தாங்கும் மர உத்தரம் எவ்வளவு நீளம் கிடைத்ததோ அவ்வளவுதான் வீட்டின் அகலம். உத்தரத்தின் இரண்டு முனையும் பக்கத்துச் சுவர்களில் ஏறி நிற்கும். அந்தச் சுவர் உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொது. வீட்டின் நடுவில் கூரை இல்லாத ஒரு முற்றம். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வரும். சூடான காற்று மேலே ஏறிப் போக, முன்வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மழை பெய்தால் தண்ணீர் முற்றத்தில் விழுந்து காலுக்கடியில் உள்ள வடிகாலில் ஓடிவிடும்.

பலர் வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று முதலில் கை வைத்தது இந்த முற்றத்தில்தான். மேலே தகரமோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடி, ஓர் அறை கிடைத்தது என்று மகிழ்ந்தார்கள். காற்று நின்றது. சுவர் ஈரமானது. பிறகு குளிர்சாதனம் வாங்கினார்கள்!

சுவரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தாமான் வீட்டுக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒரு சந்தில் ஒரு பழைய வீட்டின் பக்கச் சுவருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. வயதான கொத்தனார் ஒருவர், நம்மவர்தான், சுவரிலிருந்து சீமெண்டுப் பூச்சைத் தட்டித் தட்டிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானே இருக்கு ஐயா, ஏன் உடைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"வெளியில நல்லா இருக்கு தம்பி. உள்ளே கையை வச்சுப் பாருங்க" என்றார்.

பூச்சு விழுந்த இடத்தில் கையை வைத்தேன். செங்கல் நனைந்த துணி மாதிரி இருந்தது. விரலால் தடவினால் மாவாக உதிர்ந்தது. அதன் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது, உப்பு என்றார்.

நடப்பது இதுதான். பழைய சுவர்களுக்குக் கீழே, இன்றைய வீடுகளுக்குப் போடுவதுபோல் ஈரத்தைத் தடுக்கும் விரிப்பு கிடையாது. செங்கல், மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவது போலத்தான். கடலோர ஊரில் அந்தத் தண்ணீரோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். உப்பு பூச்சின் மேல் பூக்கும், துடைத்துவிடலாம். காலப்போக்கில் பூச்சு கெட்டால் பூச்சை மட்டும் மாற்றலாம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சீமெண்டால் இறுக்கிப் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி சாயத்தையும் அடித்தால் ஈரம் எங்கே போகும்? உள்ளேயே நிற்கும். வழி கிடைக்கும் வரை மேலே மேலே ஏறும். உப்பு செங்கலுக்குள்ளேயே கல்லாக உறைந்து, உறையும்போது விரிந்து, செங்கலை உள்ளிருந்தே உடைக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு சுவர் அழகாக இருப்பது போலவே இருக்கும்.

"சுண்ணாம்பு மூச்சு விடும் தம்பி, சீமெண்டு மூக்கைப் பொத்திடும்" என்றார் அவர். பொறியாளர்கள் நான்கு பக்கத்தில் எழுதுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டார்!

சுண்ணாம்பு நமக்குப் புதிதா என்ன? லயத்து வீட்டுக்குப் பண்டிகைக்கு முன் சுண்ணாம்பு அடித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலேயன் நம் சொல்லையே எடுத்துக்கொண்டு அதைச் 'சுனாம்' என்றான். சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் என்று வெள்ளை வெளேரென்று ஒன்று நிற்கிறதே, 1856-இலிருந்து 1861 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த கட்டிடம். அதன் சுவருக்குப் பூசியது மதராஸ் சுனாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் போன்ற கரடு சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுப் பதமாக்கிப் பூசினார்கள். காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். பினாங்கிலும் ஃபார்குவார் ஸ்திரீட்டில் உள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818-இல் கைதிகளின் உழைப்பில் கட்டி முடிந்ததுதான். பெயர் தெரியாத அந்த மனிதர்களின் கைவேலை இருநூறு ஆண்டாக நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சுண்ணாம்பு வேலைக்கு ஒரே ஒரு குறை உண்டு. அது அவசரப்படாது. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீரில் நீற்றி, வெண்ணெய் போல் ஆகும் வரை ஊற வைக்க வேண்டும். ஊற ஊற நல்லது. மணலோடு சேர்த்துப் பூசினால் அது காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் கல்லாக மாறும். அதற்கு நாளாகும். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்து விழும். வெயில் கடுமையாக இருந்தால் ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காய விட வேண்டும். சீமெண்டு வந்தவுடன் குத்தகையாளர்கள் எல்லாரும் ஏன் அதற்குத் தாவினார்கள் என்று இப்போது புரிகிறதல்லவா?

இவ்வளவு நல்ல வீடுகள் ஏன் இப்படிப் பாழாயின? கொத்தனார் மேலும் குற்றமில்லை, குடியிருந்தவர் மேலும் குற்றமில்லை. பெரிய காரணம் ஒரு சட்டம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏற்ற விடாமல் பிடித்து வைத்தது. மலேசியாவிலேயே அந்த மாதிரி வீடுகள் அதிகம் இருந்தது பினாங்கில்தான். ஏழைக்கு அது பெரிய நிழல். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், இடியப்பம் விற்றவர், பூக்கட்டியவர், தட்டார், தையல்காரர் எல்லாரும் நகரத்தின் நடுவில் குடியிருக்க முடிந்தது. ஆனால் கிடைக்கிற சொற்ப வாடகைக்கு வீட்டுக்காரர் கூரை மாற்றுவாரா? மாற்றவில்லை. தனக்குச் சொந்தமில்லாத வீட்டுக்குக் குடியிருப்பவர் செலவு செய்வாரா? செய்யவில்லை. இருவருக்கும் நடுவில் மழை மட்டும் தன் வேலையைச் செய்தது.

1997-இல் அந்தச் சட்டத்தை நீக்கத் தீர்மானித்து, 1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பாதுகாப்பு முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகை எகிறியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் சட்டி பானையோடு வெளியேறினார்கள். காலியான வீடுகள் பலவற்றில் யார் குடிவந்தார்கள் தெரியுமா? சிட்டு மாதிரி இருக்கும் அந்தப் பறவைகள்! கூட்டை விற்றால் நல்ல காசு என்று ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே ஈரம் தெளித்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் போட்டு வளர்த்தார்கள். மனிதன் இருந்த மாடியில் பறவை எச்சம். பாரம்பரியப் பகுதியில் இது கூடாது என்று மாநில அரசு 2013 முடிவு வரை கெடு கொடுத்து அகற்றச் சொன்னது.

யுனெஸ்கோ பட்டியலுக்குப் பிறகு காசு வந்தது. 2009-இல் தொடங்கப்பட்ட திங்க் சிட்டி என்ற அமைப்பு பழைய வீடுகளைப் பழுது பார்க்க மானியம் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பழுது பார்த்த பல வீடுகள் சிறு ஹோட்டலாகவும் காப்பிக் கடையாகவும் மாறின. ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் இரு பிள்ளைகள் போகும் சுவர்ச் சித்திரம் ஒன்று 2012-இல் வரையப்பட்டது. அதன் முன் நின்று படம் எடுக்க வெயிலில் வரிசை நிற்கிறார்கள். அந்தச் சுவருக்குள் முன்பு யார் இருந்தார், இப்போது எங்கே போனார் என்று கேட்பவர் குறைவு. எனக்குச் சித்திரத்தின் மேல் கோபமில்லை. வீட்டைக் காப்பாற்றினோம், வீட்டுக்காரனை விட்டுவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

லெபோ லீத்தில் உள்ள நீல மாளிகைக்கு இப்போது போவோம். சியோங் ஃபாட் சே என்ற சீனச் செல்வரின் வீடு. சீனாவிலிருந்து ஏழையாக வந்து, கப்பலும் வங்கியும் தோட்டமும் வைத்து ஆண்டவர், 1916-இல் காலமானார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய இந்த மாளிகையில் 38 அறைகள், 5 முற்றங்கள், 7 மாடிப்படிகள், 220 ஜன்னல்கள். தம் கடைசி மகன் இறக்கும் வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயில் எழுதி வைத்தார். எழுதியவர், பழுது பார்க்கப் போதுமான பணத்துக்கு வழி செய்யவில்லை போலும். பிற்காலத்தில் பல குடும்பங்கள் அறை அறையாகக் குடியிருந்து, மாளிகை ஒழுகும் சத்திரமாகிவிட்டது.

1989-இல் அந்தக் கடைசி மகனும் காலமான பிறகு, கட்டிடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் மனைவி லின் லீயும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பியிருந்தால் எவ்வளவு லாபம் என்று கணக்குப் போடாதவர்கள் யார்? அவர்கள் போடவில்லை. ஆண்டுக்கணக்காக வேலை நடந்தது. கூரை ஓரங்களில் உடைந்த பீங்கான் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்த பூவும் பறவையும் மனிதரும் இருக்கின்றன; அந்தக் கைவேலை தெரிந்தவர்களைச் சீனாவிலிருந்தே வரவழைத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. இன்று அது தங்கும் விடுதி. உள்ளே சுற்றிக் காட்டுகிறார்கள்.

அந்த நீலம் எது என்கிறீர்கள்? அவுரி நீலம்! இந்தியாவில் பயிராகிக் கப்பலேறிய அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்தது. நம் பாட்டிமார் வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டார்களே, அதை நினைவுபடுத்தும் நிறம். பழுது பார்த்தபோதும் கடையில் டின்னில் கிடைக்கும் நீலச் சாயத்தை வாங்கிப் பூசவில்லை. சுண்ணாம்பில் கலந்தே அடித்தார்கள். வீட்டுப் பெண்கள் அந்தச் சுவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே நீலமாக இருக்காது. இங்கே கொஞ்சம் அடர்த்தி, அங்கே கொஞ்சம் வெளிறல். வானம் மாதிரி இருக்கும்.

அது பணக்காரர் வீடு, நமக்கு என்ன என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, ஜாலான் பி. ரம்லிக்கு வாருங்கள். பி. ரம்லியைத் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? திடலில் திரை கட்டிப் படம் போட்ட காலத்தில் அவருடைய படத்துக்குச் சிரிக்காத தமிழன் இல்லை. 1929 மார்ச் 22-ஆம் தேதி அவர் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. தகப்பனார் 1926-இல் உறவினரோடு சேர்ந்து தம் கையாலேயே கட்டிய சின்ன மர வீடு. மாளிகையும் இல்லை, மாடியும் இல்லை. தூண் மேல் நிற்கும் பலகை வீடு. அதைத் தேசியப் பழஞ்சுவடிக் காப்பகம் எடுத்துச் செப்பனிட்டு 1991-இல் சீர்படுத்தியது. படி ஏறி உள்ளே போய்ச் சமையல் பகுதியில் நின்றால், நீங்கள் வளர்ந்த வீட்டை நினைப்பீர்கள். எளிய வீட்டையும் பழுது பார்த்து வைக்கலாம், அதற்கும் மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல காட்சி பினாங்கில் எனக்குத் தெரியாது.

நேரம் இருந்தால் ஆயர் ஈத்தாம் சாலையில் சஃபோக் ஹவுஸ். பினாங்கை 1786-இல் பிடித்த பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் அது. தோட்டத்துத் துரை வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீடு அவர் காலத்துக்குப் பிறகு எழுந்தது. பின்னாளில் பள்ளிக்கூடமாக இருந்து, பிறகு கைவிடப்பட்டு, கூரை விழுந்து செடி முளைத்துக் கிடந்தது. 2000-த்துக்குப் பிறகு ஏழெட்டு ஆண்டு பாடுபட்டு எடுத்துக் கட்டினார்கள். 2008-இல் அதற்கும் யுனெஸ்கோ விருது. பார்க்க அழகு. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது; என் மனம் ரம்லி வீட்டிலேயே நின்றுவிட்டது.

குளுகோர் பக்கம் கம்போங் புவா பாலா என்று நம்மவர் ஊர் ஒன்று இருந்தது. தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வழிவந்தவர்கள். மாடு வளர்த்து, கோலமிட்டு, பொங்கல் வைத்து வாழ்ந்த கிராமம். பட்டணம் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது. அவர்களும் தங்கள் வீடுகளுக்குப் பலகை மாற்றினார்கள், தகரம் மாற்றினார்கள், சாயம் அடித்தார்கள். நிலம் மட்டும் அவர்கள் பெயரில் இல்லை. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டன. சிலர் மாற்று வீட்டை ஏற்றுக்கொண்டார்கள், சிலர் ஏற்கவில்லை. ஆகவே தோட்டத்திலோ கம்போங்கிலோ இருந்துகொண்டு வீட்டில் காசு போடப்போகிறவர்களுக்கு நான் சொல்வது: சாயத்தின் நிறத்தைப் பேசுவதற்கு முன் நில மனையில் பேசி முடியுங்கள். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பெயரைப் பாருங்கள். அதற்குப் பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

கொத்தனார் வந்தால் எங்கே தொடங்குவது? மறுபடியும் அந்தப் பெரியவரைத்தான் கேட்டேன்.

"மேலேயிருந்து கீழே வாங்க தம்பி. முதல்ல ஓடு. பிறகு மழைத்தண்ணி போற வழி. பிறகு சாக்கடை. தண்ணியை வெளியே அனுப்பிட்டா வீட்டுல பாதி வேலை முடிஞ்சிது. எல்லாரும் கீழேயிருந்து மேலே போறாங்க. முதல்ல தரைக்கு வழவழன்னு கல்லு பதிக்கிறாங்க, அப்புறம் கூரை ஒழுகி அது மேலேயே வாளி வைக்கிறாங்க."

கறையானைப் பற்றியும் சொன்னார். மரம் கெட்டதென்று அவசரப்பட்டு முழுவதையும் மாற்ற வேண்டாமாம். உத்தரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் போகிற முனைதான் ஈரத்தில் அழுகும். அந்த முனையை மட்டும் வெட்டி எடுத்து, அதே ஜாதி மரத்தில் துண்டு போட்டு இணைக்கிறார்கள். செங்கால் மரமாக இருந்தால் நூறு ஆண்டு உழைத்ததும் இன்னும் நூறு ஆண்டு உழைக்கும் என்று உத்தரத்தைத் தட்டிக் காட்டினார். இழுத்து அடித்தால் மணி மாதிரி சத்தம்.

அவருக்கு ஒரு வருத்தம். கற்றுக்கொள்ள ஆளில்லை. "என் பையன் ஷா ஆலாமில கம்ப்யூட்டர் வேலை. குறை சொல்லல, நல்லா இருக்கான். ஆனா இந்தக் கரண்டியைப் பிடிக்க ஒருத்தன் வேணுமே." பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பு 1986-இல் தொடங்கப்பட்டது, பழைய கைத்தொழில்காரர்களிடம் இளைஞர்களைப் பழக விடும் திட்டம் ஒன்றையும் அது நடத்தியிருக்கிறது. படிப்பு ஏறவில்லை என்று நாம் திட்டித் தீர்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் நம் தாமான்களில் மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்! திருகாணியின் பதம் தெரிந்த கைக்குச் சுண்ணாம்பின் பதம் தெரியாமல் போகுமா? தகப்பன்மார் ஒரு முறை இங்கே அழைத்து வந்து காட்டலாம்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தார் வெள்ளி ரதம் லெபோ பினாங்கில் உள்ள கோயில் வீட்டிலிருந்துதான் தண்ணீர்மலைக்குப் புறப்படும். 1894-இல் இந்தியாவிலிருந்து வந்த ரதம். கூட்டத்தில் ரதத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அது புறப்படும் வீட்டையும் பாருங்கள்; கடையும் கணக்கும் சாமியும் ஒரே கூரையின் கீழ் இருந்த கிட்டங்கிக் காலத்து வீடுகள் அந்தத் தெருவில் இருக்கின்றன.

தெற்கே போகிற குடும்பங்கள் திரும்பும் வழியில் நிபோங் திபாலைத் தாண்டுவீர்கள். அங்கே கலிடோனியா தோட்டத்தில் 99 கதவு மாளிகை என்று ஒன்று. கரும்பு போட்ட காலத்திலிருந்து தமிழர் உழைத்த தோட்டம் அது. ராம்ஸ்டன் குடும்பத்தின் வீடு. 1948-இல் அந்தக் குடும்பத்தவர் ஒருவர் அந்த வீட்டிலேயே சுடப்பட்டு இறந்தார். பிறகு மாளிகை பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிப் பாழடைந்தது. பேய்க் கதை சொல்லிக்கொண்டு இரவில் போகிற இளவட்டங்கள் உண்டு. தனியார் நிலம், போக வேண்டாம். பேய் ஒன்றும் இல்லை. கூரையில் சில ஓடு போயிற்று, மாற்ற ஆளில்லை, மழை உள்ளே வந்தது. சாலையோரத்தில் காரை நிறுத்தி, தோட்டத்தில் பிறந்த பெரியவர் யாராவது வண்டியில் இருந்தால், அந்தப் பக்கத்து லயங்கள் எங்கே இருந்தன என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். செம்பனை மரங்கள்தான் தெரியும்.